மூன்றாம் பிரதி

“பேரைச் சொல்லுங்க! என் கட்டுரையை நிராகரிச்சது யாரு?”

“சொல்லக் கூடாதுங்க பாக். படிக்கிறவங்க பேரு எழுதினவருக்குத் தெரியக் கூடாது. அந்த விதியை எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?”

ஜாவாவின் யோக்யகர்த்தாவில் ஒரு பேராசிரியர் தெருவில் நின்று குரலை உயர்த்தினால், அன்றைக்கு யாருக்கும் வேறு பேச்சு கிடையாது. பாக் விடாக்டோ கத்தியது என் நகலெடுக்கும் கடை வாசலில். இங்கே ஐயாவுக்கு ‘பாக்’, அம்மாவுக்கு ‘இபு’. எதிரே நின்றவர் இபு குஸ்ரினி. தத்துவத்தையும் இலக்கியத்தையும் ஒரே கட்டாகக் கட்டும் ஆறுமாத இதழுக்கு ஆசிரியர். அதை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். உறை ஒட்டுவது நான்தான், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

அவர் கேட்ட பெயருக்குரியவள் என் பெரிய இயந்திரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தாள். வெனிங், விடாக்டோவின் துறையிலேயே இளம் விரிவுரையாளர். அவள் வேலையை நிரந்தரமாக்கும் தாள் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“அக்கா, காட்டிக்குடுத்துடாதீங்க,” என்று கிசுகிசுத்தாள்.

நடந்தது இதுதான். பெயர் மறைத்து அவளிடம் மதிப்பிட வந்த கட்டுரையின் மூன்றாம் பகுதி, வரிக்கு வரி அவளுடைய முதுகலை ஆய்வேடு. ‘இது ஒரு பழைய ஆய்வேட்டின் நகல்’ என்று கோபத்தில் அறிக்கை எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. அந்த ஆய்வேட்டுக்கு வழிகாட்டி விடாக்டோ. நூலகப் பிரதியும் மூன்று வருடமாக அவர் வீட்டில். நான் பைண்டு போட்டபோது மை மங்கியதென்று ஒதுக்கிய மூன்றாம் பிரதி என் அலமாரியில். பைண்டு போட்டுத் தருவதையெல்லாம் புரட்டிப் பார்ப்பது என் வியாதி.

“நகலாம், நகல்!” விடாக்டோ அறிக்கையை உதறினார். “அந்த ஆய்வேட்டைப் படிச்சதே நானும் அந்தப் பொண்ணும்தான்...”

உதறிய தாளை அவசரமாக மடித்தார்.

“எந்தப் பொண்ணு, பாக்?” குஸ்ரினி மெதுவாகக் கேட்டார். “அறிக்கையில எந்த ஆய்வேடுன்னே போடலியே.”

விடாக்டோவின் முகம் வெளிறியது. பார்வை தரைக்கு இறங்கியது. இயந்திரத்துக்கு அடியில் வெனிங்கின் பச்சைச் செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பைப் பார்த்தார், பிறகு என்னை. கையிலிருந்த அறிக்கையையே நீட்டினார்.

“ஒரு நகல் எடும்மா.”

எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே வெனிங்கின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெனிங்குக்கு அதுதான் இன்னும் பயம்.

“திட்டினா பரவாயில்லக்கா. பாக்குறப்பல்லாம் ‘சாப்பிட்டியாம்மா’ங்கிறாரு.”

நிரந்தர வேலையை நான்கே மாதத்தில் உதறிவிட்டுக் கடல் தாண்டி மகாசார் போனாள். அங்கே ஒரு கப்பல் பொறியாளரைக் கட்டிக்கொண்டாள். அவன் தத்துவமும் படிப்பதில்லை, இலக்கியமும் படிப்பதில்லை. குஸ்ரினி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அந்தக் கட்டுரையையும் போடவில்லை.

விடாக்டோ மட்டும் வெள்ளிதோறும் ஒற்றைத் தாளோடு வந்து நின்றார். நகல் எடுத்து முடிக்கும்வரை அவர் கண் அந்த ஆய்வேட்டைத் தேடி என் அலமாரியில் மேயும். மூன்றாம் வெள்ளியன்றே பிரதியை அரிசிப் பானைக்குள் இறக்கிவிட்டேன். போன வருடம் ஓய்வு பெற்று சுரபாயாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னும் நான் அந்தப் பிரதியைப் பானையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.