செயின் ஓடிய மேடை

பனியன் ஆலையின் விழா. மேடையோரம் அனுசுயா பயத்தோடு நின்றாள். அவள் வடிவமைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் பெண் நிதா மேடையில் நின்றாள். வெள்ளைத் துணியை நூற்றுக்கணக்கான மடிப்புகளாக அடுக்கி, அரிசி மூட்டையின் வாயைத் தைப்பதுபோல் ஒரே நூலில் சுற்றிச் சுற்றிச் செயின் தையல் போட்ட குட்டைப் பாவாடை. இழுத்தால் மொத்தத் தையலும் அவிழ்ந்துவிடும் நூல் முனை இடுப்பில் தொங்கியது. பாட்டு ஆரம்பித்ததும் நிதா அதை இழுக்க வேண்டும்.

"சரக்கு வாங்க வர்ற பையருங்க வாயப் பொளந்தா பாக்கலாம். இல்லீன்னா திங்கக்கெழமையிலிருந்து பழையபடி டீ-சர்ட்டு பாக்கெட்டு வரையோணும் அம்மிணி" என்று முதலாளி திருமூர்த்தி சொல்லிவிட்டிருந்தார்.

அவர்தான் இப்போது மைக்கை விடாமல் முழங்கிக்கொண்டிருந்தார். "தரம் எமது தவம்! எமது ஆலையின் வாசலை ஒரு பிசிறுகூடத் தாண்டியதாக..."

பேச்சு நின்றது. பார்வை நிதாவின் இடுப்புக்குப் போய்விட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையிலேயே பிசிறு வெட்டுகிற மனுஷர் அவர். கத்தரி இல்லை. கை சும்மா இருக்குமா?

"சார், இழுத்தறாதீங்க!" அனுசுயா கத்தினாள்.

இழுத்துவிட்டார்.

"அய்யோ, செயின் ஓடுதுங்க மொதலாளி!" பின்வரிசையில் சூப்பர்வைசர் பொன்னுச்சாமி அலறினார்.

பர்ரென்று ஓடியது. முதல் மடிப்பு அவிழ்ந்தது. உள்ளே மயில் கழுத்து நீலம். அதற்குள் இன்னொரு மடிப்பு, இன்னும் ஆழமான நீலம். முழங்காலில் நின்ற பாவாடை தரையைத் தொட்டது, மேடையை மூடியது, படியிறங்கி முன்வரிசைக்கு வழிந்தது. ஜெர்மன் பையர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்தவர்கள்போலக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். நாளெல்லாம் துணியிலேயே கிடக்கிற டெய்லர்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். கைதட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. 'தாண்டியதாக' என்று திறந்த முதலாளியின் வாய் மூடவேயில்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

அனுசுயாவே அதை முழுசாகப் பார்ப்பது அன்றுதான். பயம் போன இடம் தெரியவில்லை.

நூல் தீர்ந்தும் திருமூர்த்தி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு அனுசுயா பக்கம் திரும்பினார்.

"ஏனுங் கண்ணு, இதத் திருப்பித் தைக்க முடியுமா?"

"மூணு மாசம் ஆகுமுங்க."

"ஆவட்டும். தையி."

"அப்ப பாக்கெட்டுங்க?"

"அத எவனாச்சும் வரையட்டும்" என்றார். மைக் இருப்பதையே மறந்திருந்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது.