ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போட்டிக்காக எழுதப்படும் கதை. ஓர் இணைய இதழ் நடத்துகிறது. தலைப்பு: 'கைப்பேசிக்கு அடிமையானவர்கள்'. கடைசி நாள் வருகிற சனிக்கிழமை, மாலை ஆறு மணி. அடிமையாம் அடிமை! அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பிறந்தவள்தான் பஞ்சவர்ணம். (எங்கள் மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. வம்பு வராது.)

தொடக்கம், முதல் முயற்சி: 'பஞ்சவர்ணத்தின் கையைவிட்டுப் போன் இறங்கியதே இல்லை.' பொய். குளிக்கும்போது இறங்கும்.

இரண்டாம் முயற்சி: 'மார்சிலிங் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் மேல் சூரியன் மெல்ல' — சீ, சூரியனை யார் பார்த்தார்கள்? அவள் போனை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இருக்கட்டும். பஞ்சவர்ணத்துக்கு வயது நாற்பத்தொன்பது. ஜாலான் புசாரில் குழாயும் தாழ்ப்பாளும் விற்கிற கடையில் கவுண்டரில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம் போனும் கையுமாக இருக்கிறாள். இதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் போனேதான்.

2

வம்பை விலைக்கு வாங்கியதும் அவள்தான். மகள் திவ்யதர்ஷினியை அடக்குவதாக நினைத்து ஒரு சட்டம் போட்டாள். "இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையில அவங்கவங்க ஸ்கிரீன் டைமைச் சத்தமாப் படிக்கணும். யாருக்கு அதிகமோ அவங்க போனுக்கு லிமிட்."

முதல் ஞாயிறு. மகளுக்கு ஐந்து மணி நேரம். கணவர் ரகுபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு இரண்டேகால், அவ்வளவும் கிரிக்கெட். அடுத்தது சட்டம் போட்டவள்.

"ஒம்பது நாப்பதா! அம்மா, சீரியஸ்லி? நீங்க வேலைக்குத்தான் போறீங்களா?"

"உங்கம்மா எங்கிட்டப் பேசுறதைவிட அதுகிட்டதான்டி அதிகம் பேசுறா. நான் சும்மா வாடகைக்கு இருக்கேன் லா" என்றார் ரகுபதி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றே அவள் போனுக்கு மூன்று மணி நேர லிமிட் விழுந்தது. அதைத் திறக்கும் எண் மகளிடம். பஞ்சவர்ணம் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த ஒன்பது மணி நேரத்தில் அவள் உண்மையில் என்ன செய்கிறாள் என்றால்

[இங்கே லிமிட் முடிந்து போன் பூட்டிக்கொண்டது. மறுநாள் தொடர்கிறேன். ஆமாம், என் போனிலும் லிமிட் இருக்கிறது. எத்தனையோ வீட்டில் இருக்கும். குறுக்குக் கேள்வி கேட்காமல் படியுங்கள்.]

3

எழுதுகிறாள்.

ரயிலில் ஒரு கை கம்பியில், மறு கையின் கட்டைவிரல் எழுத்தில். அட்மிரல்ட்டியில் ஏறிய ஒருத்தி தன் மாமியாரைப் பற்றித் தோழியிடம் புலம்பியது, ஈஷூன் வருவதற்குள் மூன்று பத்தியாகிவிட்டது. நோட்டுப்புத்தகத்தை விரித்திருந்தால் அந்தப் பெண் வாயை மூடியிருப்பாள். போன் பார்ப்பவளை யார் சட்டை செய்கிறார்கள்? கடைக்கு இரண்டங்குல வால்வு கேட்டு வந்த இப்ராஹீம் பாய் சென்ற மாதக் கதையில் மாலுமி. பாவம், அவருக்கு இது தெரியாது.

இப்படியே நாற்பத்தொரு கதைகள். மேசை கிடையாது, தனி அறை கிடையாது, ஒரே ஒரு கட்டைவிரல். மூன்று கதைகள் புனைபெயரில் அச்சாகியும் இருக்கின்றன. எனக்குப் பெருமையாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? (ஒன்பது மணி நேரமும் எழுத்தா என்றால் இல்லை. மூன்று மணி நேரம் சேலை வீடியோ. அதையும் மறைப்பானேன்.)

ஏன் வீட்டில் சொல்லவில்லை? எட்டு வருடம் முன்பு முதல் கதையை ரகுபதியிடம் நீட்டினாள். டிவியில் மேட்ச். போனை வாங்கி விரலால் ஒரு தள்ளு தள்ளி, "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு வரிகூடப் படித்திருக்க மாட்டார். இனி இந்த மனிதர் தாமாகக் கேட்காமல் காட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ரோஷக்காரி.

4

முடிவுக்கு வருவோம்.

மகள் தற்செயலாகக் கதைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணீர் வடிக்கிறாள். வேண்டாம், சீரியல் போல இருக்கிறது.

பஞ்சவர்ணத்துக்கு முதல் பரிசு, ரகுபதி எழுந்து நின்று கைதட்டுகிறார். இன்னும் அனுப்பவே இல்லை, அதற்குள் பரிசா!

போனை வீசிவிட்டுத் தேக்கா சந்தையில் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நிம்மதி அடைகிறாள். நடுவர்களுக்கு இதுதான் பிடிக்கும். 'அவள் போனை எடுத்து' என்பது வரை அடித்தேன். அதற்குமேல் விரல் வரமாட்டேன் என்கிறது.

5

சனிக்கிழமை, ஐந்து ஐம்பது. தேக்கா உணவங்காடி. பஞ்சவர்ணம் மேசையில் தட்டிக்கொண்டிருக்க, ரகுபதி இரண்டு கோப்பை தே தாரிக் தேநீரோடு வந்தார். லிமிட் முடிய இன்னும் ஐந்து நிமிடம்தான் என்று போன் எச்சரித்தது.

"அப்படி என்னதான் பாக்குறே அதுல?"

கேலிதான் என்று நினைத்தாள். அவரோ கோப்பையை வைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பாக்கலைங்க. எழுதுறேன்."

"என்னது?"

"கதை. நாப்பத்தொண்ணு எழுதிட்டேன். இது அடுத்தது. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

"ஒம்பது நாப்பது... அதுக்கா?" என்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். "நான் இருக்கேனா அதுல?"

"இருக்கீங்க. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கீங்க."

"குடு, படிக்கிறேன். லிமிட்டுக்குத் திவ்யாவைக் கேக்கவா?"

"டியூஷன்ல இருக்கா. போன் ஆஃப்."

நான்கு நிமிடம். அதற்குள் நல்ல முடிவொன்றை எழுதிவிடலாம்; மனதில் தயாராகவே இருக்கிறது, பரிசுகூட வரலாம். அல்லது இப்படியே அனுப்பிவிட்டு மிச்ச நேரத்தை இவருக்குக் கொடுக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், மூன்றாம் பகுதியைத் தாண்ட மாட்டார். இப்போது படிக்காமல் விட்டால் இந்தக் கை மறுபடி எப்போது நீளுமோ, பஞ்சவர்ணத்துக்கு, சரி, எனக்குத் தெரியாது.

கையை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார். தே ஆறுகிறது, அவர் அதைத் தொடவில்லை.

நடுவர்களே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கென்று நான் வைத்திருந்ததில் மிச்சமுள்ள மூன்று நிமிடத்தில் என் வீட்டுக்காரர் என் கதையைப் படிக்கப்போகிறார்.