ஆறு டின் செடி

ஏஞ்சலா கறிவேப்பிலைச் செடியின் கழுத்தைப் பிடித்து டின்னிலிருந்து பிடுங்கினாள். கோழியின் கழுத்தைத் திருகுகிற ஆத்திரம். வேரை உதறிப் பார்த்தாள். அழுகல் இல்லை, எறும்பு இல்லை, புழு இல்லை. வெயில் போதவில்லையோ என்று சிமெண்டு முற்றத்தில் இடம் மாற்றி வைத்தாயிற்று. தண்ணீரைக் கூட்டியும் பார்த்தாயிற்று, குறைத்தும் பார்த்தாயிற்று. புது மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் போட்டதுதான் மிச்சம். ஆறு பெயிண்ட் டின்களில் நான்கு போய்விட்டன. மற்ற இரண்டிலும் புதுத் துளிர் ஊசியாக மெலிந்து வெளுத்து வந்தது. கோலா சாவா தோட்டத்து வரிசை வீடுகளில் செடிக்காரி என்றால் அவள்தான். அந்தப் பெயருக்கே கேடு வந்துவிட்டது.

கணவன் பேட்ரிக் குனிந்து துளிரைக் கிள்ளிப் பார்த்தான். மூன்று மாதமாகச் செம்பனைக் காட்டில் களைக்கு மருந்தடிப்பவன்.

“இது புல்லு மருந்துலா. நான் அடிக்கிற புல்லு இப்பிடித்தான் சாவுது.”

அது போதுமே அவளுக்கு. பக்கத்து வீட்டு ரதி போன மாதம் சாக்கடைக் கால்வாய் ஓரத்துப் புல்லுக்கு மருந்து ஊற்றியதை ஏஞ்சலா பார்த்திருக்கிறாள். நீ துணி துவைத்த தண்ணீர் என் வாசல் கால்வாயில் வந்து நாறுகிறது என்று சண்டை போட்டவளும் அவளேதான். போடி என்று அன்றிலிருந்து ஏஞ்சலா அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கே ஊற்றி வந்தாள். சவுக்காரத் தண்ணீருக்குப் பூச்சி அண்டாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மிளகாய்ச் செடி செத்துக் கிடந்த டின்னை மண்ணோடு தூக்கிக்கொண்டு போனாள். ரதி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். “என்னக்கா?” என்று திரும்பியவளின் முகத்தில் டின் இறங்கியது. விழுந்தவளின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து, துணிக்கொடி கட்டிய கம்பத்தில் தலையை மோதினாள்.

“ஒங்க மாதா மேல சத்தியமா நான் தொடலக்கா!”

“எங்க மாதாவ ஏன்டி இழுக்கிற?” என்று இன்னும் ஒருமுறை மோதினாள். சத்தியமாக, அப்போது அவளுக்கு அது இனித்தது.

ரதியின் புருஷன் ஹேமநாதன் ஓடிவந்து, ரத்தம் சொட்டச் சொட்ட அவளை மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக் கொண்டுபோனான். பேட்ரிக்கும் தன் மோட்டாரை உதைத்துக் கிளப்பினான்.

“அவனுங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள நான் ரிப்போர்ட் போட்டுர்றேன். போலீஸ் போன்ல கேட்டா, அவ மருந்து ஊத்துனத கண்ணால பாத்தேன்னு சொல்லணும். வெளங்குதா?”

தலையாட்டினாள்.

ரத்தம் பட்ட சட்டையை, ஊறிக்கொண்டிருந்த பேட்ரிக்கின் வேலைச் சட்டைகளோடு பிளாஸ்டிக் பேசினில் போட்டுக் கசக்கினாள். முதுகில் சுமக்கும் பம்பு ஒழுகுகிறது என்று அவன் தினமும் முணுமுணுப்பான். சட்டை முதுகெல்லாம் மருந்து நனைந்து வரும். துணியைப் பிழிந்துவிட்டு, பழக்கத்தில் பேசினைத் தூக்கி ஐந்தாவது டின்னில் சாய்த்தாள். நுரை வழிந்து சிமெண்டு வெடிப்பில் ஓடியது. அது ஓடிய வழியில் மட்டும் வெடிப்புப் புல் கருகியிருந்தது. நுரை போகாத இடத்தில் அதே புல் பச்சையாக நின்றது.

அவள் கை நின்றுவிட்டது. ஐயோ, என் கைதான் ஊற்றியிருக்கிறது.

மோட்டார் சத்தம் கேட்டது. ஹேமநாதன் தாங்கிப் பிடிக்க ரதி இறங்கினாள். ஒரு கண்ணை மூடிப் பெரிய கட்டு. மற்ற கண்ணால் ஏஞ்சலாவைப் பார்த்தாள்.

பேசினில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது, லேசான சிவப்பில். செடிக்கு ஊற்ற முடியாது. கால்வாயில் ஊற்றினால் ரதியின் வாசலுக்குத்தான் போகும். வீட்டுக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. ஏஞ்சலா பேசினைக் கீழே வைக்காமல் நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.