எலித்தொல்லை ஏதும் இல்லை

பொன்மணியின் கால் பெருவிரலை எலி கடித்தது ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில். பிள்ளை வீறிட்ட சத்தத்தில் எழுந்த அழகுத்தாய், பாயில் ரத்தத்தைப் பார்த்ததும் பூரானோ தேளோ என்றுதான் முதலில் பயந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ் பல் தடத்தைப் பார்த்துவிட்டு, லைன் வீடா என்று மட்டும் கேட்டார்.

லைன் வீடுதான். ராஜபாளையத்தில் அவள் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஏழு வீடுகள். ஏழுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ், ஒரு குழாய், வாசலை ஒட்டி மூடியில்லாத சாக்கடை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஐயாதுரையின் புண்ணாக்குக் குடோன். எலிகள் அங்கே தின்று கொழுத்து இங்கே வந்து உலாத்தின. அவள் புருஷன் சோலைராஜுக்குக் கேரளாவில் பேக்கரி வேலை. மாதம் ஒருமுறை வரும்போது பொந்துகளில் கண்ணாடித் துண்டு போட்டுச் சிமென்ட் பூசிவிட்டுப் போவான். ஒரு வாரத்தில் பக்கத்திலேயே இன்னொரு பொந்து திறந்திருக்கும்.

நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் ஜாஸ்மின் சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தாள். பிள்ளையின் காலில் இருந்த கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டாள். கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்றாள் அழகுத்தாய்.

"இல்லக்கா, எலி," என்றது பொன்மணி.

திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் சாம்சன் வந்துவிட்டார். ஏழு வீட்டுக்குள்ளும் டார்ச் அடித்து, புழுக்கை, பொந்து, கடிபட்ட ஒயர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். குடோனைக் காலி பண்ண வேண்டும், தரைக்குச் சிமென்ட் போட வேண்டும், சாக்கடையை மூட வேண்டும், பதினைந்து நாள் கெடு என்று ஐயாதுரைக்கு நோட்டீஸ் போனது.

ஐயாதுரை கத்துகிற ஆள் இல்லை. பொன்மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுக் கூடவே வந்து நின்றவர் அவர். அன்று சாயங்காலம் எல்லோரையும் குழாயடிக்கு வரச்சொல்லித் தணிந்த குரலில்தான் பேசினார்.

"அவுக சொல்ற மாதிரி செய்யணும்னா இடிச்சுட்டுத்தான் கட்டணும். இடிக்கணும்னா நீங்க காலி பண்ணணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒங்களுக்கு எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

அவர் டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார். இந்த வீடுகளில் எலித்தொல்லை ஏதும் இல்லை, குடியிருப்போருக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதில் இருந்தது. கீழே ஏழு கோடுகள்.

அழகுத்தாய் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கம்பெனியில் பத்து நிமிஷம் பிந்தினால் கேட்டைத் திறக்க மாட்டார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளையை அவள் திரும்பும்வரை பக்கத்து வீட்டு வேலுத்தாய் பார்த்துக்கொள்கிறாள். வேறெங்கே போய் இதெல்லாம் அமையும்? கால்கட்டோடு மகள் இடுப்பில் சாய்ந்து நிற்க, கையெழுத்துப் போட்டாள்.

கடைசி வீட்டுப் பால்ச்சாமி மட்டும் போட மறுத்தார். லோடு ஏற்றும் வேலை பார்ப்பவர், தனியாள். ராத்திரி எலி கூடவே படுத்துக் கிடக்கையில் இல்லையென்று எப்படிப் போடுவது என்று கேட்டார். ஐயாதுரை அழகுத்தாயைத் திரும்பிப் பார்த்தார். நீ சொன்னால் கேட்பார் என்றார். அவளுக்கும் பால்ச்சாமிக்கும் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். அவளை மகளாகவே நினைப்பவர் அவர்.

பால்ச்சாமி எழுந்து போய்விட, அவளும் பின்னாலேயே அவருடைய வீட்டுக்குள் போனாள்.

"மாமா, நீங்க ஒத்தக்கட்டை, எங்கிட்டும் போய்ப் படுத்துக்கிடுவீக. நான் இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

கெடு முடிந்து வந்த சாம்சன் கையில் அந்தத் தாளின் நகல் இருந்தது. கையெழுத்து அவளுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் பிள்ளையை எது கடித்தது என்று கேட்டார். தூக்கத்தில் கடித்தது, தெரியவில்லை என்றாள். தான் கண்ணால் பார்த்ததை எழுதியிருப்பதாகவும், குடியிருப்பவர்களே எலி இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டதால் இனி விசாரணை, பதில் என்று இழுக்கும் என்றும் சொல்லிவிட்டுத் தன் நம்பரைக் கொடுத்துப் போனார். கூட வந்திருந்த ஜாஸ்மின் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்தது. சாக்கடை பொங்கிக் கடைசி வீட்டுக்குள் இரண்டு நாள் கணுக்கால் அளவுக்கு நின்றது. பால்ச்சாமி பாளம் பாளமாக வெடித்த பாதத்தோடு அந்தத் தண்ணீரிலேயே நடமாடினார். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. தொடையெல்லாம் வலிக்கிறது என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கை பரிபூரணத்தின் வீட்டுக்குப் போனார். அங்கே கண் மஞ்சளாகிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலிக்காய்ச்சல், கிட்னியைத் தொட்டுவிட்டது என்று தகவல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அழகுத்தாய் பஸ் ஏறினாள். கட்டிலில் கிடந்தவரை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பரிபூரணம் அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, "அங்க வீட்டுல எலி உண்டுமா? டாக்டர் கேக்காக," என்றாள்.

அழகுத்தாய் பதில் சொல்லுமுன், கண்ணைத் திறக்காமலே பால்ச்சாமி சொன்னார்:

"இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

அவர் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உண்டு சின்னம்மா," என்றாள். "எம் பிள்ளையையே கடிச்சிச்சு. வீடு போயிருமேன்னு பயந்துக்கிட்டு, நான்தான் அவிகளையும் போட வச்சேன்."

பரிபூரணம் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே கீழே வைத்தாள்.

மறுநாள் அழகுத்தாய் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சாம்சனைப் பார்க்கப் போனாள். வீடு போய்விடும் என்று பயந்து பொய்யாகக் கையெழுத்துப் போட்டதாகத் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதுல ஒங்க பேரு வெளிய தெரியும்மா."

"அந்தத் தாள்லயும் எம் பேருதான சார் இருக்கு."

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் அவள் எழுதியதும் சேர்ந்தபின் வேலை தானாக நடந்தது. குடோனைக் காலி செய்ய மூன்று நாள் பிடித்தது. மூட்டையைப் புரட்டப் புரட்ட எலிகள் சிதறி ஓடியதைத் தெருவே நின்று பார்த்தது. ஐயாதுரை மேல் வழக்குப் பதிவானது. தரைக்குச் சிமென்ட் வந்தது, சாக்கடைக்குப் பலகைக்கல் மூடி வந்தது. வீட்டை இடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்ததும், தம்பி மகளுக்கு வீடு வேண்டும் என்று ஐயாதுரை அழகுத்தாயை மட்டும் காலி பண்ணச் சொன்னார். சாம்சன் வந்து பேசிப் பார்த்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதையே ஐயாதுரை திரும்பத் திரும்பச் சொன்னார். பிடிப்பதற்குச் சட்டத்தில் ஒரு நுனியும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு வாடகை ஏறியது.

"எங்க தலையில ஏத்தி வச்சிட்டு நீ போற," என்றாள் வேலுத்தாய் குழாயடியில். அழகுத்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் சாமான் கட்டிக்கொண்டிருந்த அன்று பால்ச்சாமி தன் பெட்டியை எடுத்துப்போக வந்தார். பாதியாக வற்றிப்போயிருந்தார். இனி லோடு தூக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்களாம், தங்கை வீட்டோடு இருக்கப் போகிறாராம். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"நீ சொல்லலைன்னாலும் மறுநாள் நானே போட்டிருப்பேன் தாயி. எனக்கும் போக எடமில்லல்லா?"

உண்மையாகத்தான் சொன்னாரா, அவள் மனசு ஆறட்டும் என்று சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது செட்டியார்பட்டியில் இருக்கிறாள். வீடு காய்ந்த வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி விட்டதும் பொன்மணி தானே பூட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் ஷிப்டு முடிந்து பஸ் நெரிசலில் நிற்கும் அந்த அரை மணி நேரமும் அழகுத்தாய்க்கு, தான் போய்க் கதவைத் தட்டியதும் பிள்ளை திறக்க வேண்டுமே என்கிற நினைப்புதான்.