மாஸ்டர் வைத்த மாவு

"பெட்டி பாதி காலியா இருந்தா, திறக்கிறப்பெல்லாம் குளிர் வெளிய ஓடிடும் டெய்லரம்மா. கரண்ட் தண்டம். நிரப்பி வைக்கணும்."

"நான் ஒருத்தி. எதை வச்சு நிரப்பறது மாஸ்டர்? நானே உள்ள இறங்கி உட்கார்ந்துக்கவா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பேக்கரியில மிஞ்சற மாவை நான் கொண்டுவந்து வைக்கிறேன்."

ஃப்ரீசர் வீட்டுக்கு வந்த அன்று நடந்த பேச்சு இது. ஐஸ்கிரீம் கடை ஒன்றை மூடும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று டெய்லரம்மா ஆசைப்பட்டு வாங்கிவிட்டாள். வாசலில் வந்து அது நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, மாடியில் தனியாகக் குடியிருந்த பேக்கரி மாஸ்டர்தான் இறங்கி வந்து, கதவையே கழற்றி, உள்ளே தள்ளிக்கொடுத்தார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னதும் அவர்தான். எதையும் தட்டையாகக் கட்டி அடுக்கினால் இடம் மிஞ்சும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

டெய்லரம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள். என்ன எடுக்க வேண்டும் என்று யோசித்து முடித்த பிறகே மூடியைத் தொட வேண்டும். திறந்துவிட்டால் சட்டென்று எடுத்து மூடிவிட வேண்டும்.

இந்தச் சட்டம் மாஸ்டருக்கு வெல்லமாக இனித்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், மூடிய ஃப்ரீசர் பக்கத்தில் நின்று, எந்த மாவுப் பொட்டலத்தை எடுப்பது என்று யோசிப்பார். டெய்லரம்மா டீ போட்டுக் கொடுப்பாள். டீ தீரும். யோசனை தீராது.

"யோசிச்சாச்சா மாஸ்டர்?"

"கிட்டத்தட்ட ஆச்சு."

கணவர் காலமான பிறகு வெறிச்சோடிக் கிடந்த அவள் சாயங்காலங்களுக்கு அந்த யோசனைதான் துணை. ஆனால் அவர் வருவது மாவுக்காகவா, தனக்காகவா என்பதுமட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள்.

"என் வீட்ல பத்து வாய். உனக்கு ஒருத்திக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய பெட்டி? நாளைக்கு வண்டி அனுப்பறேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லிவிட்டால் ஊரே சிரிக்கும். டெய்லரம்மா தலையாட்டிவிட்டு சுவிட்சை அணைத்தாள். பெட்டி போய்விட்டால் மாஸ்டர் இந்தக் கதவைத் தட்ட என்ன காரணம் இருக்கப்போகிறது?

மறுநாள் சாயங்காலத்துக்குள் ஐஸ் இளகிவிட்டது. வண்டியோடு வந்த அக்கா பெட்டிக்குள்ளிருந்து பேப்பர் சுற்றிய பொட்டலங்களாக எடுத்துச் சமையலறைத் தொட்டியில் போட்டாள்.

"என்னடி இது, மீன் பொட்டலமா?"

"மாஸ்டரோட மாவு. பதமா எடு, வீணாயிடப் போகுது."

"பேக்கரிக்காரருக்கு உன் ஃப்ரீசர் எதுக்கு? பேக்கரியில இல்லாத ஃப்ரீசரா?"

"அங்க இடம் இல்லையாம்."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு பொட்டலத்தின் பேப்பரைப் பிரித்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் கவரின் முனையைக் கிள்ளினாள். தெளிவான தண்ணீர் பீய்ச்சி அவள் முகத்திலேயே அடித்தது. அடுத்ததைக் கிள்ளினாள். அதுவும் தண்ணீர். அத்தனையும் தண்ணீர்.

"அடியே! இந்த மாவுல தோசைகூட வார்க்க முடியாதுடி!"

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பழைய பொட்டலத்தை எடுத்துப்போய்ப் புதியதை வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்து... மனுஷர் இத்தனை நாளும் குழாய்த் தண்ணீரையா மாடிக்கும் கீழுக்குமாகச் சுமந்திருக்கிறார்! சிரிப்பு முதலில் வந்தது. கண் கலங்கியது அப்புறம்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எனக்கு இந்தப் பெட்டி வேணாம்மா. நீங்களே யோசிச்சுக்கிட்டு நில்லுங்க."

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அக்கா சமையலறைக்குள் பதுங்கினாள். மாஸ்டர் கையில் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தார். திறந்து கிடந்த மூடியைப் பார்த்தார். அப்பால் தொட்டியில் தொளதொளவென்று கிடந்த கவர்களைப் பார்த்தார். மீசையில் ஒட்டியிருந்த மாவு இன்னும் வெள்ளையாகத் தெரியும்படி அவர் முகம் சிவந்துபோயிற்று.

"அது வந்து... காலியா இருந்தா கரண்ட்டு..."

"யோசிச்சாச்சா மாஸ்டர்?"

அவர் பொட்டலத்தைப் பின்னால் மறைத்தார். சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. யாரும் ஒட்டுக்கேட்காமல் அது விழ நியாயமில்லை.

"மூடி திறந்து கிடக்கு, குளிர் போகுது," என்றாள் டெய்லரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சட்டுனு சொல்லுங்க."

"மாவுக்கு இடம் கேட்டதெல்லாம் பொய். எனக்குத்தான் இந்த வீட்ல ஒரு இடம் வேணும்," என்றார் மாஸ்டர். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா, டெய்லரம்மா?"