அக்கம்மா வீட்டுப் பூக்கல்லு

எங்க வீட்டுக்காரருக்குப் பொண்டாட்டி ரெண்டு. ஒண்ணு நான், இன்னொண்ணு எங்க வீட்டுக் கூடத்துத் தரை. இதை அவுக முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். சிரிப்பாகளே ஒழிய, இல்லைன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

என் மாமனார் கப்பல்ல வந்த பூக்கல்லை வாங்கி, வைக்கோல் சுத்தி மாட்டுவண்டியில கொண்டாந்து பதிச்ச தரை அது. செவப்பும் கருநீலமுமா இருக்கும். நாலு கல்லு ஒண்ணு சேந்தா ஒரு பூ விரியும். ரெண்டு மகனுக்கும் அடுத்தடுத்த தெருவுல ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரித் தரை. குச்சனூருக் கோயிலுக்கு வர்ற சனமெல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போகும்னு இவுகளுக்குப் பெருமை பிடிபடாது. இவுக பேரு சுருளியாண்டி. ஊருல பாதிப் பேரு பூக்கல்லு வீட்டுக்காரர்னுதான் சொல்லுவாக.

என் மக சுப்புத்தாய் கைக்குழந்தையா இருந்தப்ப ஊருக்குள்ள பிளேக்கு வந்துச்சு. எலி வளை தேடுறோம்னு சர்க்கார் ஆளுக கடப்பாரையோட வந்து, கூடத்து நடுவுல ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குப் பேத்துப் போட்டுட்டுப் போயிட்டானுக. அன்னைக்கு இவுக அழுத மாதிரி எங்க மாமனார் செத்தப்பக்கூட அழல. அதுக்கப்புறம் அந்த எடத்தைச் சாணி போட்டு மெழுகி, மேல பாயை விரிச்சு மறைச்சே காலம் ஓடிப்போச்சு.

சுப்புத்தாயைத் தேவதானப்பட்டியில கட்டிக் குடுத்தோம். தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆனதும் இவுகளுக்குத் தரைக் கிறுக்கு மறுபடியும் ஏறிருச்சு. சம்பந்தி வீட்டாளுக வந்தா ஓட்டைத் தரையிலயா உக்கார வைக்கிறதுன்னு ஒரே புலம்பல். அப்ப சண்டைக் காலம். கப்பலும் இல்ல, கல்லும் இல்ல. மதுரை வரைக்கும் ஆள் விட்டுப் பாத்தும் அந்தப் பூ கெடைக்கல. ஒரு நாள் சாப்பிட உக்காந்தவுக சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே சொன்னாக. "தம்பி வீடு சும்மாதானே கெடக்கு. அங்கன இருந்து எடுத்துக்கிருவோம்."

நான் ஊத்திக்கிட்டு இருந்த குழம்புச் சட்டியைக் கீழ வச்சுட்டேன். "செத்த வீட்டுக் கல்லைக் கொண்டாந்து பிள்ளை பெறப்போற வீட்டுல போடுவீகளா? கூறு இருக்கா உங்களுக்கு?"

"கல்லுக்கு என்ன தெரியும்"னு சொல்லிட்டு மோரை ஊத்தச் சொன்னாக.

அந்த வீட்டுல செத்தவ அக்கம்மா, என் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. அந்தப் பிளேக்கு வருசத்துல அவ நெறமாசம். எலி செத்து விழுந்ததும் ஊரே வீட்டை விட்டுட்டுத் தோப்புல குடிசை போட்டுக்கிட்டுப் போச்சு. கொழுந்தன் ஏலக்காய் மலைக்குப் போயிருந்தாரு. நாங்க கெளம்புற அன்னைக்கு அக்கம்மாவுக்குக் காய்ச்சல். கவட்டுல நெறி கட்டியிருந்துச்சு. பிள்ளைகுட்டி இருக்கிற எடத்துக்கு இவளைக் கொண்டுபோனா எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான்னு இவுக சொல்லிட்டாக. காய்ச்சல் வேகத்துல எந்திரிச்சு வந்துருவான்னு கதவை வெளிய பூட்டவும் செஞ்சாக. நான் தெருவுல நின்னு கத்துனேன். "உன் மக உசுரு வேணுமா, வேண்டாமா"ன்னு ஒரு கேள்வி கேட்டாக. மக என் இடுப்புல இருந்தா. நான் இவுக பின்னால நடந்துட்டேன்.

சன்னல் வழியாக் கஞ்சி வைக்கப் போன ஆளு வந்து சொன்னான், அவ கதவுக்கு உள்பக்கம் தரையில படுத்துக்கிட்டு எங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறான்னு. பெறகு கூப்பிடலன்னு சொன்னான். மலையில இருந்து வந்த கொழுந்தன் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காம திரும்பிப் போனவருதான், இன்னைக்கு வரைக்கும் வரல.

அந்த வீட்டைத்தான் தெறந்து கல்லு எடுத்தாக. கொத்தனார் தவசி கெட்டிக்கார ஆளு, பேச்சும் கொறைச்சல். பழைய சுண்ணாம்பைச் சொரண்டி, கல்லைத் தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு, மணலையும் சுண்ணாம்பையும் கலந்து விரிச்சு, ஒவ்வொண்ணாப் பதிச்சாரு. பதிச்சதும் கரண்டிக் காம்பால தட்டிப் பாப்பாரு. கெட்டியாச் சத்தம் வந்தா கல்லு நல்லா உக்காந்திருச்சுன்னு அர்த்தம். பொக்குன்னு கேட்டா அடியில காத்து நிக்குது, எடுத்துத் திரும்பப் பதிக்கணும். எல்லாத்தையும் தட்டிக் காட்டித்தான் கூலி வாங்குனாரு. தேங்காயெண்ணெய் போட்டு உமியால தேச்சதுக்கப்புறம் எது பழசு, எது வந்ததுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. அழகாத்தான் இருந்துச்சு. அதுல பொய் சொல்ல மாட்டேன்.

மக வந்தா. வெயில் காலம். தரை சில்லுன்னு இருக்குன்னு கூடத்துலதான் பாயைப் போட்டுப் படுத்துக்கிருவா. ஒரு மத்தியானம் நான் அடுப்படியில இருந்து வந்தவ, அகப்பையைக் கைதவறிப் போட்டுட்டேன். அதோட காம்பு புதுக் கல்லுல பட்டுச்சு. வெறும் பானையில தட்டுன மாதிரி ஒரு சத்தம்.

தவசியைக் கூப்பிட்டு விட்டேன். கூலியை மட்டும் எண்ணி வாங்கத் தெரியுதே, வேலை தெரியலையேன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவரு அந்தக் கல்லைப் பேத்தாரு. அடியில சுண்ணாம்பு ஒரு விரல் எடமில்லாம நெறைஞ்சு, கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு. பொக்கு விழ வழியே இல்ல. அவரு முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. திரும்பப் பதிச்சுத் தட்டுனாரு, கெட்டி. பக்கத்துக் கல்லைச் சும்மா தட்டுனாரு. அது பொக்கு.

"எலியா இருக்குமா தவசி?"

"எலி வளைன்னா மண்ணு சரிஞ்சிருக்கணும் தாயி." சாமானைப் பையில போட்டுக்கிட்டே மெதுவாக் கேட்டாரு, "ஐயா உங்ககிட்டச் சொல்லலையா? அந்த வீட்டுல உள்ள தள்ளி இருந்த கல்லு எல்லாம் பேக்கையில வெடிச்சுப் போச்சு. வாசக்கதவுக்கு உள்பக்கத்துக் கல்லுதான் ஒடையாம வந்துச்சு."

அக்கம்மா கடைசியாப் படுத்துக் கெடந்த கல்லு.

அன்னையில இருந்து அகப்பைக் காம்பும் கையுமாத்தான் திரிஞ்சேன். இவுக தோட்டத்துக்குப் போனதும் தரை பூராத் தட்டுவேன். பொக்கு ஒரே ஒரு கல்லுலதான் இருக்கும். நேத்துப் பொக்கா இருந்தது இன்னைக்குக் கெட்டி. அதுக்கு அடுத்தது பொக்கு. புதுக் கல்லுல ஆரம்பிச்சது பழைய கல்லுக்கும் தாண்டிருச்சு. என் மாமனார் காலத்துல இருந்து அசையாம கெடந்த கல்லு அதெல்லாம். அது போற தெசையைக் குறிச்சு வச்சுப் பாத்தேன். நேரா என் மக பாயைப் பாத்துப் போச்சு.

பாயை எதிர்ச் சுவத்தோரமா மாத்திப் போட்டேன். மறுநாள் தட்டுனா, பொக்கும் அந்தப் பக்கமாத் திரும்பியிருந்துச்சு.

வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "உங்க தம்பி பொண்டாட்டி நம்ம பிள்ளையைத் தேடி வர்றா. இந்தக் கல்லைப் பேத்து எறிஞ்சிருங்க"ன்னு காலைப் பிடிக்காத கொறையாக் கேட்டேன். இவுக ஒரு தடவை உக்காந்து தட்டிப் பாத்தாக. காதைச் சாச்சுக் கேட்டாக. முகத்துல ரத்தம் இல்ல. ஆனா எந்திரிச்சுச் சொன்னது என்னன்னா, "சுண்ணாம்பு காயும்போது அப்படித்தான் இருக்கும். பிள்ளைத்தாச்சி காதுல இதைப் போட்ட, பாத்துக்க." குச்சனூருல எள்ளு விளக்குப் போட்டுட்டு வந்தேன். ஒரு பிரயோசனமும் இல்ல.

மகளுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அவளாத்தான் ஒரு நாள் கன்னத்தைத் தரையில வச்சுப் படுத்திருந்தவ, கண்ணைத் தெறக்காமலே கேட்டா. "ஆத்தா, யாரு அது அடியில மூச்சு வாங்குறது?"

"உன் மூச்சுதான்டி. ஏழு கழுதை வயசாச்சு, பேச்சைப் பாரு"ன்னு அதட்டுனேன். அவ தூங்குனதும் பாயோரத்தை விலக்கி, அவ தலைமாட்டுக் கல்லைத் தட்டுனேன். பொக்கு. அங்கனயே உக்காந்து அழுதேன். எனக்கு அக்கம்மா மேல கோவமே வரல, அதைச் சொல்லணும். அவ வயித்துப் பிள்ளையும் அவளோடதானே போச்சு. அவளுக்கு என் மக மேல ஆசை வந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வேண்டாம்பேன்? ஆனாலும் விட மனசு வருமா? நீ என்னை எடுத்துக்க ஆத்தான்னு தரையில தலையை வச்சுக் கும்பிட்டேன்.

மறுநாள் பாய்க்கு அடியில எல்லாம் கெட்டி. தேடித் தேடித் தட்டுனேன். பொக்கு பாயைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்துச்சு. அதுக்கு மறுநாள் இன்னுங் கொஞ்சம் தள்ளி. வாசலைப் பாத்துப் போய்க்கிட்டு இருந்துச்சு. கடைசியில வாசப்படிக்கு உள்பக்கத்துக் கல்லுல போய் நின்னுக்கிருச்சு. அதுக்கு மேல நகரல. நாள் போகப் போக அந்தக் கல்லு கால் பட்டாலே சத்தம் போட ஆரம்பிச்சுச்சு.

கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மக படுத்த எடம், அங்கன இருந்து வாசல். ஒருத்தியைக் கையைப் பிடிச்சு எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போறவ எப்படி நடப்பாளோ, அப்படித்தான் அந்தத் தடம் இருந்துச்சு. அடிப் பாவி, இவ பிள்ளையை எடுக்க வரல, கெளம்பச் சொல்றான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே வண்டி பூட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் வாசல்ல மறிச்சாக. "தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளையைத் தோப்புக் குடிசையில போட்டா சம்பந்தி வீட்டுல காறித் துப்ப மாட்டாகளா? கல்லு பேசுதுன்னு சொல்லப் போறியா?"

"துப்புனா துடைச்சுக்கிறேன். நகருங்க." கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அப்படி ஒரு பேச்சு நான் பேசுனதில்ல. நகந்துட்டாக. "நீங்களும் வந்துருங்க"ன்னு கூப்பிட்டேன். "என் வீட்டை விட்டு நான் எங்கன வர"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாக.

தோப்புல வச்சுத்தான் பேரன் பொறந்தான். மொட்டு மொட்டுன்னு முழிச்சுக்கிட்டு, எங்க அப்பன் சாடையில இருந்தான். அவன் தொப்புள்கொடி விழுகுறதுக்குள்ள ஊருல இருந்து சேதி வந்துருச்சு. எங்க தெருவுல எலி விழுந்திருச்சு. மொதல்ல விழுந்தது எங்க வீட்டுல. உத்திரத்துல இருந்து கூடத்துத் தரையில, என் மக படுத்துக் கெடந்த எடத்துல.

ஊரு மறுபடியும் தோப்புக்கு வந்துச்சு. இவுக மட்டும் வரல. சர்க்கார் ஆளுக கடப்பாரையோட வருவானுக, இந்தத் தடவை தரையைத் தொட விடமாட்டேன்னு கூடத்து நடுவுலயே உக்காந்துக்கிட்டாக. நானும் ஆள் விட்டேன், தவசியே போய்க் கூப்பிட்டாரு. தவசி திரும்பி வந்து குடிசைக்குத் தள்ளி நின்னு சொன்னாரு. "ஐயாவுக்குக் காய்ச்சல் தாயி. அக்குள்ல நெறி கட்டியிருக்கு. தெருவுல யாரும் இல்ல."

பேரனை மககிட்டக் குடுத்தேன். "போகாத ஆத்தா"ன்னு என் சேலையைப் பிடிச்சா. "நீ பச்சைஉடம்புக்காரி, உன் வேலையைப் பாரு. நான் திரும்பி வந்தாலும் நான் சொல்ற வரைக்கும் பக்கத்துல வராத"ன்னு சொல்லிட்டுக் கஞ்சித் தூக்கோட நடந்தேன். புருசன்கிற பாசத்துல போனேனா, ஒரு மனுசியை அப்படி விட்டது போதும்னு போனேனான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.

நல்ல வெயில். தெருவுல ஒரு நாய்கூட இல்ல. கூடத்துல இவுக அந்தப் பூக்கல்லு மேல மல்லாக்கப் படுத்திருந்தாக. கஞ்சி எறங்கல. ஈரத்துணியால மூஞ்சியைத் தொடைச்சு விட்டேன். கண்ணைத் தெறந்து என்னை அடையாளம் கண்டுக்கிட்டாக.

"பேரனாமே. யாரு சாடை?"

"உங்க சாடைதான்"னேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்குனாக. பெறகு கையைத் தரையில வச்சுத் தடவுனாக. "ராமுத்தாயி, தட்டிப் பாரேன்."

"எதுக்கு இப்ப அது?"

"அவ நம்ம பிள்ளையைக் கூட்டிட்டுப் போனாள்ல. என்னையும் கூப்பிட வருவா. எங்கன நிக்கிறான்னு பாரு."

அடுப்படியில இருந்து அகப்பையை எடுத்துட்டு வந்தேன். அவுக தலைமாட்டுல தட்டுனேன். கெட்டி. தோள்கிட்ட, இடுப்புகிட்ட, கால்மாட்டுல தட்டுனேன். கெட்டி. முட்டி போட்டு நகந்து நகந்து அவுக கெடந்த எடத்துல இருந்து வாசல் வரைக்கும் ஒரு கல்லு விடாம தட்டிக்கிட்டே போனேன். வாசப்படிக் கல்லையும் தட்டுனேன். அதுவும் கெட்டி. ஏதாவது சொல்லணும்னு திரும்பிப் பாத்தேன். அவுக ஒரு காதைத் தரையில வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக.