இதின்ரை தகப்பன் ஆர்?

சவப்பெட்டியை மூட இரண்டு பேர் மூடியைத் தூக்கிய நேரம் பார்த்து, கேற்றடியில் ஓர் ஆடு அலறியது. போதகர் செபத்தை நிறுத்தினார். செத்தவரின் மகள் அபிகாயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

கொடிகாமத்துச் சின்னாச்சி ஓட்டோவிலிருந்து ஆட்டை இறக்கிக்கொண்டு நின்றாள். பந்தலைக் கண்டதும் கயிறு கைநழுவியது.

"ஐயோ பிள்ளை, ஐசாக்கண்ணை போயிட்டாரோ? சத்தியமா எனக்குத் தெரியாது. விடியத் தொடக்கம் இது கிடாய் தேடிக் கத்துது. இண்டைக்கு விடாட்டில் பருவம் தப்பிடும். பரவாயில்லை, திருப்பிக் கொண்டு போறன்."

"வேண்டாம், நில்லுங்கோ. அப்பா ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதில்லை."

ஐசாக் முப்பது வருஷமாக நல்லினக் கிடாய் வளர்த்து ஊர் ஆடுகளுக்கெல்லாம் விட்டவர். பள்ளிக்கூடத்தில் 'கிடாய் ஐசாக்கின்ரை பெட்டை' என்ற பட்டம் கிடைத்த நாளிலிருந்து அபிகாயில் அந்தக் கொட்டில் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. அவ்வளவு வெட்கம்.

தம்பி றொபின் கொட்டிலைத் திறக்கப் போனான். "கிடாய் சும்மாதானே நிக்குது. விட்டிட்டு அனுப்புவம்."

"பொறடா. இதின்ரை தகப்பன் ஆர்?"

கொட்டில் பக்கம் போகாவிட்டாலும் அவள் காதில் விழுந்து பழகிய, அப்பா முதலில் கேட்கிற கேள்வி அது. ஒரே இரத்தத்தில் பிறக்கும் குட்டி எழும்பி நிற்காது என்பார். காதைப் பிடித்துப் பார்த்தே மூன்று தலைமுறை சொல்வார். ஒரு கொப்பியிலும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவரோடு பெட்டிக்குள் படுத்திருந்தது.

"எனக்கெங்கை தெரியும்? சந்தையிலை வாங்கினது" என்றாள் சின்னாச்சி.

பந்தலுக்குள் இருந்த ஊர்ச்சனத்திலிருந்து எமில்ராஜ் எட்டிப் பார்த்தார். "காதிலை வெள்ளைப் புள்ளி. அது நான் வித்த பெட்டை மறியெல்லோ! தகப்பன் ஆழ்வாப்பிள்ளையற்றை கிடாய். ஐசாக்கண்ணைதான் தாயை அங்கை விடச்சொல்லி அனுப்பினவர்."

அவருக்குப் பக்கத்திலிருந்த ஆழ்வாப்பிள்ளை எழுந்தார். "என்ரை கிடாய் இஞ்சை நிக்கிற கிடாயின்ரை மகன். அப்ப இது பேத்தி. விடக்கூடாது."

றொபின் கொட்டில் கதவிலிருந்து கையை எடுத்தான்.

"எங்கடை வீட்டுக் கிடாய் வேறை வழி" என்றாள் பக்கத்து வீட்டுக் கோபிகா. "'இதை விக்காதை, ஒரு நாளைக்குத் தேவைப்படும்' எண்டு ஐசாக் மாமா சொன்னவர்."

அழ வந்த சனம் என்றுதான் இவ்வளவு நேரமும் அபிகாயில் நினைத்திருந்தாள். அவரவர் ஆட்டின் வழியை அவரவரிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பா போயிருக்கிறார். இவர் இவ்வளவு பெரிய மனுஷனா?

கோபிகா ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனாள். போதகர் வேதாகமத்துக்குள் விரலை வைத்தபடியே மெல்லக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, போன நத்தார்ப் பண்டிகைக்கு உங்கடை ஐயா எனக்கு ஒரு மறி தந்தவர். அதின்ரை தகப்பன் ஆர்?"

அவளுக்குத் தெரியவில்லை. பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறக்க முன்னமே நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள்.